இரண்டு பத்துக்கு ஒரு வலி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருபது வருஷங்களாகப் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அடைக்கலம்மாளின் கையில் பிறந்தவர்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிகாரம் பார்க்கவும் தெரியாது. வலிக்கும் வலிக்கும் இடையே உள்ள நேரத்தை அவர் செபமாலையால்தான் அளந்தார்.

ஒரு வலி அடங்கியதும் மாலையை விரலில் பிடிப்பார். ஒரு பரலோக மந்திரம், பத்து மங்கள வார்த்தை, ஒரு பிதாவுக்கும் சுதனுக்கும். இது ஒரு பத்து. அடுத்த வலி வருவதற்குள் எத்தனை பத்து ஓடியதென்று பார்ப்பார். மூன்று பத்துக்கு ஒரு வலி என்றால், "தேத்தண்ணி போடுங்க, நேரம் கெடக்கு" என்பார். அரைப்பத்துக்கு வந்துவிட்டால் ஆண்பிள்ளைகளை வாசலுக்கு விரட்டிவிடுவார். திருநீறு பூசிய மாமியார்கள்கூட, "இப்ப எத்தன பத்து, அடைக்கலம்?" என்று கேட்கப் பழகியிருந்தார்கள்.

1931இல் அரசாங்க உத்தரவு ஒன்று வந்தது. மருத்துவச்சிகள் ஆஸ்பத்திரியில் தேர்வில் தேறிப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவர்கள் இனிப் பிரசவம் பார்க்கக் கூடாது. அடைக்கலம்மாள் கைம்பெண். அந்தத் தொழிலைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. அந்த மாதம் அவரை நம்பிக் குடியிருப்பில் ஐந்து பெண்கள் நிறைமாதமாக இருந்தார்கள்.

தேர்வு நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. மொழிபெயர்த்தவர் மார்க்கிரட் என்ற யாழ்ப்பாணத்துத் தாதி. அன்று நடந்ததையெல்லாம் பின்னாளில் எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

கை கழுவுவது, கொடி அறுப்பது எல்லாவற்றிலும் அடைக்கலம்மாள் தேறினார். கடைசியாக, வலியின் இடைவெளியை எப்படி அறிவாய் என்று டாக்டரம்மா கேட்டார். அடைக்கலம்மாள் இடுப்பில் செருகியிருந்த மாலையை எடுத்துக் காட்டினார்.

மார்க்கிரட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கணக்கெடுக்கிறியளோ, கும்பிடுறியளோ அக்கா? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ."

"ரெண்டுந்தாம்மா. கைதான் ரெண்டு இருக்கே."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மாலையை மேசைமேல் வைக்கச் சொன்னார். தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, நிதானமாக அறுபது வரை எண்ணும்படி சொன்னார்.

அடைக்கலம்மாள் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்று பத்து வரை சரியாக வந்தது. பத்தில் நின்றார். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார்.

"பதினொண்டு அக்கா, பதினொண்டு!" என்றார் மார்க்கிரட்.

இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று. பத்து முடிந்ததும் அவருடைய வாய், கேட்காமலே பிதாவுக்கும் சுதனுக்கும் சொல்லிவிட்டு, அடுத்த பரலோக மந்திரத்துக்குப் போய்விட்டது. இருபது வருஷப் பழக்கம் அது. மூன்றாம் முறை அவர் பதினான்கு வரை வந்து, திணறி, முகத்தைப் பொத்திக்கொண்டார்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். தாளில் 'தவறினார்' என்று எழுதப்போகிறார் என்பது மார்க்கிரட்டுக்குத் தெரிந்தது. சிரித்தவருக்கே அப்போது மனசு கேட்கவில்லை.

"அம்மா, அவவின்ரை முறையிலேயே ஒருக்கால் பாருங்கோவன்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னார்.

டாக்டரம்மா சற்று யோசித்துவிட்டு மாலையைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பத்து சொல்ல வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிஷம். இன்னொரு பத்து. அதுவும் நான்கு நிமிஷம். எழுந்து இருவரையும் பிரசவ அறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த புஷ்பவல்லி என்ற பெண், தலைப்பிரசவ பயத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் டாக்டரம்மா கடிகாரத்தோடு நின்றார். அடைக்கலம்மாள் ஒரு கையைப் பெண்ணின் வயிற்றில் வைத்தார். மறு கையில் மாலை நகர்ந்தது.

"என்னக்கா முணுமுணுக்கிறீங்க? மந்திரமா?" என்றாள் புஷ்பவல்லி.

"இல்லடி. மாதா தன் வயித்துல புள்ளையோட, எலிசபெத்தம்மான்னு வயசான சொந்தக்காரிக்குப் பிரசவத்துக்கு ஒத்தாச பண்ண மலயேறிப் போனா. மூணு மாசம் கூடவே இருந்தா. இந்த மாலையில ஒவ்வொரு மணிக்கும் அவள வாம்மான்னு கூப்புடுறேன். வந்துட்டா. நீ மூச்ச விடு."

"எனக்கும் வருவாங்களா? நாங்க மாரியம்மா கும்புடுறவங்க."

"புள்ள பெத்தவளுக்கு அதெல்லாம் தெரியாதா? விடுடி மூச்ச!"

புஷ்பவல்லி கம்பியை விட்டுவிட்டு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வலிகள் வந்து போயின. டாக்டரம்மா ஒரு தாளில் ஏதோ எழுதி மடித்துக்கொண்டு, அடைக்கலம்மாளிடம் கணக்கைக் கேட்கும்படி மார்க்கிரட்டுக்குத் தலையசைத்தார்.

"மொதல்ல ரெண்டு பத்து. மறுபடி ரெண்டு. இப்ப ஒன்னரை" என்றார் அடைக்கலம்மாள்.

மார்க்கிரட் மனத்துக்குள் நான்கால் பெருக்கினார். டாக்டரம்மா தாளைப் பிரித்தார். எட்டு, எட்டு, ஆறு.

"சரியா இருக்கு!" மார்க்கிரட் தமிழில் கத்தியே விட்டார். "அக்கா, அச்சொட்டாச் சரி!"

டாக்டரம்மா பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார். அடைக்கலம்மாள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அப்புறம் வைக்கிறேன்னு சொல்லும்மா. இவளுக்கு அரைப்பத்துக்கு வந்துடும் போலிருக்கு. வெந்நி எங்க?"

நடுப்பகலுக்கு முன் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, கத்தின கத்தல் தாழ்வாரம் வரை கேட்டது. அதற்குப் பிறகுதான் அடைக்கலம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பதிவேட்டில் பெருவிரலை அழுத்தினார்.

வெளியே தேர்வுக்குக் காத்திருந்த மருத்துவச்சிகளில் பவுனம்மாள் என்பவரும் இருந்தார். அடைக்கலம்மாள் மை படிந்த விரலை உயர்த்திக் காட்டியதும், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் குலவையிட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் போடக் கூடாது என்று வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"கத்தாதீங்கய்யா, நாங்க முடிச்சிட்டுத்தான் நிறுத்துவோம்" என்றார் பவுனம்மாள்.

இரண்டாம் குலவையில் அடைக்கலம்மாளின் குரலும் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கேட்டது என்று மார்க்கிரட் சொல்வார்.