எங்கள் ஒழுங்கைக்குப் பொறுப்பானவர்கள்

எங்கள் ஒழுங்கைக்கு இப்போது காப்புறுதி இருக்கிறது. அதை எடுத்த அன்று சங்கத் தலைவர் காப்புறுதி முகவரோடு கைகுலுக்கிப் படம் எடுத்து, எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார். கீழே பூவும் கைகூப்பலும் போட்டு ஆளுக்காள் வாழ்த்தினார்கள். நான் பார்த்த உடனேயே அழித்துவிட்டேன்.

மன்னாரில் பேசாலைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது உண்டான ஒழுங்கை அது. விற்றவர் அதைப் பிரதேச சபையிடம் கையளிக்கவில்லை. விளக்குப் போடச் சொல்லிக் கேட்டாலும், வாய்க்கால் வெட்டச் சொல்லிக் கேட்டாலும், சபையில் ஒரே பதில்தான்: "அது உங்கட தனியார் வீதி." அதனால் குடியிருந்த நாங்களே சங்கம் அமைத்தோம். கிரவல் மண் போட்டோம். மழைத்தண்ணீர் ஓட மதகு கட்டி, மேலே கொங்கிறீற் சிலாப் போட்டோம். தலைவர் ஒரு கட்டட ஒப்பந்தகாரர், டிப்பர் வைத்திருப்பவர். நான் செயலாளர். கூட்டத்தில் பேசுவதை எழுத வேறு ஒருவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

நான் வேலை செய்த கந்தோருக்கு அந்த முகவர் வந்துபோவார். ஒருநாள் பேச்சுவாக்கில் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன்.

"வீதியை நீங்கள்தான் பராமரிக்கிறியள் எண்டால், அதில ஆரும் விழுந்தால் கேள்வியும் உங்களிட்டத்தான் வரும் அக்கா," என்றார். "வெளியாளுக்கு வாற சேதத்துக்கு ஒரு காப்புறுதி எடுத்து வையுங்கோ."

அடுத்த கூட்டத்தில் அதைச் சொன்னேன். தலைவர் சிரித்தார். "எங்கட ஒழுங்கையில கழுதையளைத் தவிர ஆர் தங்கச்சி விழப்போகினம்?" கூட்டமே சிரித்தது. காப்புறுதியை விட்டுவிட்டு, ஒழுங்கை வாசலில் மாதா சுரூபத்தோடு ஒரு வளைவு கட்டுவது என்று தீர்மானித்தார்கள். மாதா இருக்கும்போது காப்புறுதி எதற்கு என்று ஒருவர் கேட்டார். மாதாவை நானும் கும்பிடுகிறவள்தான். அன்று எனக்கு வந்த கோபம் மாதா மேல் இல்லை.

வளைவு கட்ட மணல் ஏற்றி வந்த தலைவரின் டிப்பர்தான் சிலாப்பை உடைத்தது. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பக்கம் இடிந்து கீழே இறங்கிவிட்டது. தடி ஒன்றை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, அவரிடம் போய்ச் சொன்னேன். "செய்வம், செய்வம்," என்றார். சுரூபத்தை ஆசீர்வதிப்பதற்கு முதல்நாள் பார்த்தால் தடியும் இல்லை, துணியும் இல்லை. உடைந்த இடத்தில் பலகை ஒன்றை வைத்து, மேலே கிரவலைப் பரவியிருந்தார்கள். பார்க்க நல்ல தரை மாதிரியே இருந்தது.

"பாதர் வாற நேரத்தில சிவப்புத் துணி ஆடினால் வடிவாவோ இருக்கும்?" என்று கேட்டார் தலைவர். "எல்லாம் முடியட்டும் தங்கச்சி."

நான் திரும்பவும் தடியை நட்டேன். பொழுதுபடுவதற்குள் பிடுங்கிவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகும் அந்த மதகை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாரி மழை தொடங்கியது. பலகை ஊறியது. என் மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். தாயையும் பிள்ளையையும் பார்க்க எங்கள் பகுதிக் குடும்பநல மாது ஸ்கூட்டரில் வந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். வாசலில் நின்ற நான் கையைக் காட்டுவதற்குள் முன்சில்லு பலகையோடு உள்ளே போய்விட்டது. ஓடிப்போய் ஸ்கூட்டரைத் தூக்கினோம். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கவேண்டிய விதத்தில் இருக்கவில்லை. மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள்.

அவருடைய கணவர் கடல்தொழில் செய்கிறவர். தலைவர் வீட்டுக்கு வந்து, சத்தம் போடாமல் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுக்கு ஆர் பொறுப்பு?"

"வீதியெண்டால் அது பிரதேச சபையின்ர வேலை," என்றார், அதுவரை எங்கட வீதி, எங்கட வளைவு என்று சொல்லித் திரிந்த தலைவர். சபை வழக்கமான பதிலைச் சொன்னது. திரும்பி வந்த மனிசனிடம் தலைவர் வளைவில் மாட்டியிருந்த போர்டைக் காட்டினார். "வெளியார் வாகனம் வரக்கூடாதெண்டு எழுதியிருக்கு. அவ ஏன் உள்ள வந்தவ?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். "என்ர பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவ," என்றேன்.

பிறகு அதே தலைவர் முகவரைத் தேடிப் போயிருக்கிறார், முந்தின திகதியில் காப்புறுதி எடுக்கலாமா என்று கேட்க. "விழுந்த பிறகு எடுக்கிற காப்புறுதி இனி விழுகிற ஆளுக்குத்தான்," என்று முகவர் சொல்லி அனுப்பினாராம். விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. உடனே தலைவர் கூட்டம் கூட்டினார். சங்கம் என்று ஒன்று இல்லை, மதகை ஆர் கட்டியது என்று தெரியாது, எல்லோரும் அப்படியே சொல்லவேண்டும் என்றார். ஒருவர் பின் ஒருவராகத் தலையாட்டினார்கள். அதில் பாதிப்பேருடைய பிள்ளைகளை, பிறந்த கிழமையில் இருந்து தராசில் போட்டு நிறுத்துப் பார்த்தவர் அந்த மிஸ். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

"நான் கண்டதைத்தான் சொல்லுவன்," என்றேன்.

"நீங்களும் நிர்வாகத்தில இருக்கிறியள் தங்கச்சி. உங்கட தலையிலயும்தான் விடியும்."

"விடியட்டும்."

மத்தியஸ்த சபையில் டிப்பரையும் சிவப்புத் துணியையும் பலகையையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். தலைவர் குனிந்துகொண்டிருந்தார். வைத்தியச் செலவை நிர்வாகத்தினர் பங்கு போட்டுக் கொடுப்பது என்று முடிந்தது. என் பங்கை நானும் கொடுத்தேன். அதன் பிறகு ஒழுங்கையில் சிலர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பது எனக்கும் நல்லதுதான்.

மிஸ்ஸின் கால் பழையபடி மடங்குவதில்லை. ஸ்கூட்டர் ஓட முடியாது. கிளினிக்கில் ஒரு கதிரையில் இருத்தி வைத்திருக்கிறார்கள். அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. எங்கள் ஒழுங்கைத் தாய்மார் பச்சைப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் அங்கே போகிறார்கள்.

நான் மிஸ்ஸின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது தேத்தண்ணி வைக்க எழும்பினார். வேண்டாம் என்று இருத்தினேன்.

"உங்கட ஒழுங்கைக்கு எத்தனை வருசமா வந்தனான்," என்றார். "உங்களைத் தவிர ஒருத்தரும் எட்டிப் பார்க்கேல்லை அக்கா."

நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்துக் கொண்டுவந்தேன்.

திரும்பி வரும்போது தலைவர் தன் கேற்றடியில் நின்றார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது தங்கச்சி," என்றார்.

"உங்களுக்கு முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.