மழையில் நனைந்த சாமையும் எங்கள் முதல் பரிசும்

போன வாரம் ஒரு கல்லூரியில் என்னை மேடையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். இந்தப் பத்தி எழுதுவதற்காக இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், நானும் இன்னும் நாலு பேரும் மாணவர்களாக இருந்தபோது எடுத்த ஒரு குறும்படத்துக்காக. கருப்பு வெள்ளை, பதினெட்டு நிமிஷம். மாணவர் படப் போட்டி ஒன்றில் முதல் பரிசு வாங்கிய படம். அதன் பிரின்ட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, ஹாலை இருட்டாக்கி ஓட்டினார்கள்.

படத்தின் கடைசியில் ஒரு ஷாட் வரும். கொட்டுகிற மழையில் ஒரு பெண், அறுத்துப் போட்ட சாமைக் கதிரை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவாள். வழுக்கி விழுவாள். எழுந்து மறுபடி வாருவாள். ஹாலே கை தட்டியது.

விளக்கு போட்டதும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், அந்த மழை ஷாட் எப்படிக் கிடைச்சுது? பிளான் பண்ணீங்களா?"

என் பக்கத்தில் ரகு. படத்தின் டைரக்டர் அவன்தான். இப்போது மெட்ராஸில் சோப்புக்கும் சீயக்காய்க்கும் விளம்பரப் படம் எடுக்கிறான். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "லக்!" என்றான். "சுத்தமான லக். ரியாலிட்டி எங்களைத் தேடி வந்தது."

மறுபடி கை தட்டல். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்! பிறகு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்ட மனைவி மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

லக்காம், லக்! அந்த லக் எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர் போனோம். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஜீப் போகிற வரைக்கும் ஜீப், மிச்சம் நடை. படத்தின் விஷயம்... 'மலைவாழ் மக்களின் வாழ்க்கைப் போராட்டம்'. அந்த மக்களில் ஒருவரைக்கூட எங்களில் நாலு பேர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் ஸ்கிரிப்ட் மட்டும் ரெடி! ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்தே மலையை முடித்துவிட்டோம்.

ரகு டைரக்டர். இன்னொருவன் கேமரா. இன்னொருவன் கிளாப். பாஸ்கர் என்று ஒருவன் புரொடக்‌ஷன், அதாவது பன்னும் வாழைப்பழமும் சுமந்து வருவது. நான் எழுத்து. அதோடு, ஊர்க்காரர்களிடம் பேசுகிற வேலையும் என்னுடையது. எனக்குச் சொந்த ஊர் படவேட்டுப் பக்கம். மலைக்கு அடிவாரம்தான். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். 'உனக்குத்தான் அவங்க பேச்சு ஒத்து வரும்' என்றான் ரகு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மற்ற நாலு பேருக்கும் தெரியாது என்று ஒரு சாக்கு இருந்தது. அறுத்த பயிர் மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

வெள்ளையன் என்பவர் வீட்டில் தங்கினோம். அவர் மனைவி பச்சையம்மா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாங்கள் ஐந்து தடிமாடுகளும் இரண்டு வேளையும் அவர்கள் வீட்டுக் களியைத் தின்றோம். அவர்கள் இருவரும்தான் படத்தின் கதாநாயகனும் கதாநாயகியும். ரகு அவரிடம் சொன்னான்: "இந்தப் படத்தை கவர்மென்ட்டுல பார்ப்பாங்க. பார்த்தா ரோடு போட்டுடுவாங்க." எந்த கவர்மென்ட்டில், எந்த நாற்காலியில் இருப்பவர் பார்ப்பார் என்று அவனுக்கும் தெரியாது. வெள்ளையன் நம்பினார்.

அந்த ஊரில் சாமை அறுப்புக்கு ஒரு முறை உண்டு. எங்கள் பக்கம் கொல்லை என்றால் வயல். இன்றைக்கு ஒரு வீட்டுக் கொல்லை என்றால், மற்ற வீட்டு ஆட்கள் எல்லாரும் அங்கேதான். நாளைக்கு அடுத்த வீட்டுக் கொல்லை. கூலி கிடையாது. நீ என் கொல்லைக்கு வா, நான் உன் கொல்லைக்கு வருகிறேன், அவ்வளவுதான். நாங்கள் படம் எடுக்கப் போன அன்று வெள்ளையன் வீட்டு முறை. முன்பே அறுத்துக் காயப் போட்டிருந்த சாமையைக் கட்டி, மேட்டில் இருக்கும் களத்துக்குத் தூக்க வேண்டும். விடிந்ததும் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். சாயந்திரத்துக்குள் வேலை முடிந்திருக்கும்.

முடிய விட்டோமா?

"இத்தனை பேர் எதுக்கு?" என்றான் ரகு. ஸ்கிரிப்ட் பிரகாரம் கணவனும் மனைவியும் யாருமில்லாமல் தனியாகப் போராட வேண்டும். ஸ்கிரிப்ட்டை எழுதியவன் நான். ஊரே சேர்ந்து வேலை செய்கிறதே, ஸ்கிரிப்ட்டை மாற்றுவோம் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஊரை மாற்றினோம். பன்னிரண்டு பேரையும் ஓரமாக உட்கார வைத்தோம். வேலைக்கு வந்தவர்கள் வேலையில்லாமல் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

ஓரத்தில் அறுக்காமல் விட்டிருந்த கொஞ்சம் கதிரைக் கணவனும் மனைவியும் அறுத்தார்கள். பின்னால் கொல்லை பூராவும் அறுத்துப் போட்ட சாமை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாதி சீன் முடிவதற்குள் மேகம் மூடி வெளிச்சம் போய்விட்டது. ரகு கையை உயர்த்தி ஆர்டர் போட்டான். "யாரும் ஒண்ணையும் தொடக் கூடாது. நாளைக்கு மிச்ச சீன் எடுக்கறப்ப எல்லாம் இதே இடத்துல, இதே மாதிரி இருக்கணும். கன்டினியூட்டி!"

சினிமா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஷாட்டில் இருந்த பொருள் அடுத்த ஷாட்டிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களாம். யாரோ பத்துப் பேர் சிரிக்கக் கூடாது என்பதற்காக, ஒரு குடும்பம் ஒரு வருஷம் சாப்பிட வேண்டிய தானியத்தை வெட்டவெளியில் போட்டு வைக்கச் சொன்னோம்.

பச்சையம்மா என்னிடம் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, கீழண்ட பாரு, மேகம் எப்டி கட்டிக்கினு வருதுன்னு. இன்னிக்கு தாண்டினாலும் நாளிக்கு மழ தாண்டாது. ஆளுங்க கீறப்பவே களத்துக்கு ஏத்திடறோம். நாளிக்கு குப்பன் வூட்டு மொறை. எல்லாம் அங்க போய்டுவாங்க. அப்பறம் நாங்க ரெண்டு பேரு இன்னா பண்றது? ஒங்காளுக்கு நீ சொல்லேன்."

சொல்லப் போனேன். ரகு இரண்டு கை விரல்களையும் சதுரமாக வைத்து, அதன் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா?" என்றான். அவன் குரலில் இருந்த எரிச்சலைக் கேட்டு நான் பாதியை விழுங்கிவிட்டேன். "ஒண்ணுமில்ல... மழை வரும்னு அந்தம்மா சொல்றாங்க" என்றேன். முறையைப் பற்றிச் சொல்லவில்லை. நாளைக்கு ஆள் இருக்காது என்று சொல்லவில்லை. "வந்தா பார்த்துக்கலாம்" என்றான்.

திரும்பி வந்து பச்சையம்மாவிடம் சொன்னேன். "ஒரு நாள்தானே அக்கா. ஒண்ணும் ஆகாது."

விவசாயி வீட்டுப் பிள்ளை சொன்ன வார்த்தை இது! அவள் புருஷனைப் பார்த்தாள். "வுடு" என்றார் வெள்ளையன். "வந்தவங்க கேக்கறாங்க. ரோடு வர்றதுன்னா சும்மாவா?" பன்னிரண்டு பேரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் வெயில் அடித்தது. ரகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மத்தியானம் மழை வந்தது. தூறல், சாரல் எல்லாம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது.

இருவரும் ஓடி ஓடி வாரினார்கள். எவ்வளவுதான் வார முடியும்? கேமரா வைத்திருந்தவன், "எடுக்கவா?" என்று தயங்கினான். "ரோல்! ரோல்!" என்று கத்தினான் ரகு. பாஸ்கர் மட்டும் பன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய் ஒரு அணைப்பு சாமையை வாரித் தூக்கினான். "ஃப்ரேமை விட்டு வெளியே வாடா!" என்று ரகு சத்தம் போட்டான். பாஸ்கர் வாரியதைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

நான் என்ன செய்தேன்? குடை பிடித்தேன். கேமராவுக்கு.

ஐந்து பேர். பத்துக் கை. ஆளுக்கு நாலு கட்டு தூக்கியிருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். குப்பன் கொல்லையில் இருந்தவர்கள் அதற்குள் விஷயம் தெரிந்து, தங்கள் வேலையைப் போட்டுவிட்டு மேட்டிலிருந்து ஓடி வந்தார்கள். அவர்கள் ஓடி வந்ததைப் படத்தில் தேடாதீர்கள். ஆட்கள் ஃப்ரேமுக்குள் வந்ததும் ரகு 'கட்' சொல்லிவிட்டான்.

ஊருக்குத் திரும்பியதும் எடிட்டிங். கடைசி ஷாட்டுக்குப் பின்னணி உரை வேண்டும் என்றார்கள். எழுதினேன். நானே பேசினேன். என் குரல் அப்போது கணீரென்று இருக்கும். 'இயற்கையின் சீற்றத்தை முன்கூட்டியே உணரும் அறிவு இம்மலைவாழ் மக்களை இன்னும் எட்டவில்லை!' இதுதான் வாசகம். நடுவர்கள் இந்த ஒரு வரியைத் தனியாகப் பாராட்டினார்கள். நான் அன்று தரையில் நடக்கவில்லை.

இப்போது வீடியோ வந்துவிட்டது. கல்லூரிக்குக் கல்லூரி பிள்ளைகள் குழு குழுவாகக் கிளம்பிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? குழுவாகச் செய்த காரியத்துக்குப் பாராட்டு வந்தால் ஆளாளுக்கு நெஞ்சை நிமிர்த்துவோம். தப்பு நடந்தால் மட்டும் அது டைரக்டருடையது, கேமராவுடையது, மழையுடையது... எங்கள் டைட்டிலில் 'ஒரு கூட்டு முயற்சி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். கூட்டு முயற்சி என்றால் என்ன என்று தெரிந்த பன்னிரண்டு பேரைக் கொல்லையை விட்டுத் துரத்திய கூட்டம் நாங்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக. ஜீப் அதே இடத்தில்தான் நின்றது. அதற்கு மேல் நடைதான்.

வெள்ளையன் அடையாளம் கண்டுகொண்டார். "அட, சினிமா தம்பி!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம படம் இன்னாங்க ஆச்சு? சர்க்கார்ல பாத்தாங்களா?"

பரிசு கிடைத்ததைச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பல். "ஏய், கேட்டியா? நம்ம படத்துக்குப் பரிசு குடுத்துக்கிறாங்க!" என்று மனைவியைக் கூப்பிட்டார். பச்சையம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அந்த வருஷம் சாமை என்ன ஆச்சு அக்கா?" என்று கேட்டேன். கேட்கவே ஏழு வருஷம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

"மொளச்சிப் போச்சி. வெத சாமையும் அதுலதான் இருந்திச்சி. அப்பறம் ரெண்டு பேரும் கீழ எறங்கி கரும்பு வெட்டப் போனோம். படவேட்டாண்ட. ஒங்க ஊரு பக்கந்தான்."

எங்கள் ஊர்ப் பக்கம். எங்கள் கொல்லையிலேயேகூட வெட்டியிருக்கலாம். யார் கண்டது? அந்த வருஷம் நான் பரிசுக் கோப்பையோடு ஊருக்குப் போய், அப்பாவிடம் காட்டிவிட்டு வந்தேன்.

சொல்லியே தீர வேண்டும் என்று அந்த வரியைச் சொன்னேன். "அக்கா, படத்துல உங்களைப் பத்தி நான் ஒண்ணு எழுதிட்டேன்..." என்று ஆரம்பித்து, 'இயற்கையின் சீற்றம்' என்று முழுசாக ஒப்பித்தேன். புளி தட்டுகிற கை நின்றது.

"தெரியற மாரி சொல்லு."

"மழை வரும்னு... உங்களுக்குத் தெரியாம போச்சுன்னு."

வெள்ளையன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "சினிமான்னா அப்டி இப்டிதான் இருக்கும். நீ வேலயப் பாரு." அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒன் கையப் புட்ச்சிதானே சொன்னேன்? நீதானே ஒண்ணும் ஆவாதுன்ன? மழ பெய்யறப்ப அங்கதானே நின்னுக்கினு இருந்த? கண்ணால பாத்தியே தம்பி... அவ்ளோ படிப்பு படிச்சிட்டு, பாத்தத எழுத வராதா ஒனக்கு?"

வராது என்பதுதான் ஏழு வருஷமாக உண்மை.

பார்த்ததை இப்போது எழுதிவிட்டேன். அந்த பிரின்ட் அடுத்த மாதம் இன்னொரு கல்லூரிக்குப் போகிறதாம். ஓட்டுகிறவர்கள் என் குரலை அணைத்துவிட்டு, இதை உரக்கப் படியுங்கள்.