பேன்சீப்பு கீறிய டாங்கி

ராணுவத்தில் இருபது வருடம் எழுத்தராக இருந்துவிட்டு, தலை முழுதாக நரைப்பதற்கு முன்பே ஓய்வு பெற்று வந்தவன் நான். அந்த இருபது வருடத்தில் நான் எழுதிய எந்தக் கடிதமும் விதிப்படி இல்லை என்று திரும்பி வந்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். என் முதல் ஆட்சேப மனுவை எழுதும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அனுப்புநர் என்ற இடத்தில் மட்டும் பெயருக்குப் பதிலாக 'ஒரு பார்வையாளர்' என்று எழுதியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் எங்கள் வீடும் பட்டறையும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. பெரியப்பாவும் அப்பாவும் நான்கு லேத் போட்டு பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்தார்கள். பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பட்டறையில் அரமும் கையுமாக நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே போக முடியாது. வீட்டில் இருக்கும் எட்டுப் பேரின் துணியையும் துவைத்துத் தேய்ப்பது அவள் வேலை.

அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் இருவருக்கும் மாமா, நூற்பு இயந்திரம் செய்யும் ஆலையில் ஃபோர்மேன். ஆலை அவரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. திரும்பும்போது அக்காவுக்கு ஒரு சோப்பு டப்பாவும் எனக்கு ஒரு டாங்கியும் கொண்டுவந்தார். டாங்கி என்றால் முழு டாங்கி இல்லை. பெட்டிக்குள் சட்டத்தில் கோத்த பிளாஸ்டிக் துண்டுகள். பிய்த்து ஒட்டினால் உலகப்போரில் ஓடிய டைகர் டாங்கி முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் வந்துவிடும். கூடவே ஒரு போட்டோவும் கொடுத்தார். அங்கே ஒரு காட்சிசாலையில் அசல் டைகருக்குப் பக்கத்தில், யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுக்குள் மாமா நின்றிருந்தார்.

இரண்டே நாளில் அதைப் பாழாக்கினேன். சக்கரங்கள் பசையில் மூழ்கிச் சுற்ற மறுத்தன, அச்சு ஒன்று முறிந்தது. கைவேலை வராதவனுக்கு வேறொன்று வரும் இல்லையா, பெட்டியில் இருந்த விளக்கத்தாளை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். பக்கத்துக்கு எத்தனை சக்கரம், குழலின் நீளம் எத்தனை, பாலைவனத்தில் அடித்த பெயிண்டின் நிறம் என்ன, எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். அந்த வண்டிகள் யாருக்காக ஓடின, யார்மேல் ஏறி ஓடின என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. என் சரித்திர அறிவு சக்கரத்தின் எண்ணிக்கையோடு நின்றிருந்தது.

பரண்மேல் கிடந்த பெட்டியை மூன்று மாதம் கழித்து அக்கா எடுத்தாள்.

"நான் எடுத்துக்கட்டுமாடா தம்பி?"

"எடுத்துக்கோ" என்றேன், ஏதோ நிலம் தானம் செய்கிறவன் மாதிரி.

அவள் எடுத்ததற்குக் காரணம் இருந்தது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பன்னிரண்டாவது போதும், தாராபுரத்தில் அரிசி ஆலைக்காரர் வீட்டில் பெண் கேட்கிறார்கள் என்பது பெரியப்பாவின் முடிவு. மாமா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தார்.

"புள்ளைக்குக் கை நல்லா ஓடுதுங்க மச்சான். படிக்க வெச்சா என்ன?"

"பொம்பளப் புள்ளையக் கூப்புட்டு லேத் குடுக்கறவன் எவன் மாப்ள?" என்றார் பெரியப்பா. பிறகு ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "மில்லுக்காரங்க சேர்ந்து பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு மாடல் போட்டி வெக்கறாங்கல்ல, அதுல மொதப் பரிசு வாங்கட்டும். நாலு பெரிய மனுசன் கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிகேட்டு வந்தா நான் ஒத்துக்கறேன்" என்றார்.

வீடு முழுவதும் அதைக் கேட்டது. நானும் கேட்டேன். தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

அக்கா என் பசையை எல்லாம் பிளேடால் சுரண்டி எடுத்தாள். முறிந்த அச்சுக்குப் பதில் பித்தளைக் கம்பியில் புதிதாகக் கடைந்தாள். சக்கரங்கள் சுற்றின. அதன்பிறகுதான் தகராறு. போட்டோவில் அசல் டாங்கியின் உடம்பு முழுவதும் வரிவரியாக இருந்தது. மாமாவைக் கேட்டாள்.

"ஆமா அம்மணி, கிட்டப் போனா உழுத காடாட்டத்தான் இருந்துது. காந்த குண்டு வந்து இரும்புல ஒட்டிக்கக் கூடாதுன்னு சிமெண்டாட்டம் ஒன்னப் பூசி, ஈரத்துலயே கீறி உட்டிருக்காங்களாமா."

மறுநாள் லாரியின் நெளிவை நிரப்பப் பூசும் பட்டியைக் குழைத்து டாங்கியின்மேல் பூசினாள். ஈரம் காய்வதற்குள் பெரியம்மாவின் பேன்சீப்பைத் தண்ணீரில் தோய்த்து, ஒரே சீராக இழுத்தாள். நிஜமாகவே முப்பத்தைந்தில் ஒரு பங்கு உழுத காடு.

"என் சீப்புக்கு வழி சொல்லிப்போட்டு அப்பறம் உன்ற பீரங்கிய ஓட்டு" என்றாள் பெரியம்மா. பக்கவாட்டில் ஒட்டியிருந்த கறுப்புச் சிலுவையைப் பார்த்து, "இது வேதக்காரங்க வண்டியா?" என்றும் கேட்டாள்.

நான் பெட்டியின் மேல்படத்தைக் காட்டினேன். அதில் டாங்கி மொழுமொழு என்றிருந்தது. விளக்கத்தாளில் பட்டியும் இல்லை, பேன்சீப்பும் இல்லை.

"பொட்டில இருக்கறது மொதல்ல வந்த வண்டியா இருக்கும். மாமா பாத்தது பொறகு வந்தது" என்றாள் அக்கா.

"அப்ப அச்சடிச்சது பொய்யா?"

"படம் வரைஞ்சவன் வண்டியத் தொட்டுப் பாத்தானாடா? மாமா தொட்டுப் பாத்தாரு."

ஆயுத பூஜை வந்தது. லேத், டிரில்லிங் மிஷின், அரம், சுத்தியல் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த பெரியம்மா, பட்டறை மேஜையில் இருந்த டாங்கியையும் விடவில்லை. பட்டறையில் இருப்பது ஆயுதம், அதிலும் இது பீரங்கி. நெற்றி என்று தோன்றிய இடத்தில் தாராளமாக அப்பிவிட்டாள். சந்தனம் போயிற்று. குங்குமம் பட்டியின் வரிகளுக்குள் இறங்கிக்கொண்டது. அக்கா பழைய டூத்பிரஷ்ஷை வைத்துத் தேய்த்ததில் ஒரு ஓரத்தில் பட்டி பெயர்ந்ததே தவிர, சிவப்புப் போகவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெயர்ந்த இடத்தில் கிரில் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்ஸைடைத் தொட்டு வைத்தாள்.

"இரும்புன்னு இருந்தா அடியில செவப்புப் பூசாம மேல பெயிண்ட் அடிக்க மாட்டாங்க. எந்த ஊரா இருந்தாலும் துரு ஒன்னுதானே" என்றாள்.

கண்காட்சிக்கு முதல்நாள் மாடலுக்கு முன்னால் வைக்கும் அட்டையை எழுதினாள். டாங்கியின் பெயர், அளவு, அதன்கீழ் அவள் பெயர், பள்ளி, வகுப்பு. நான் அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். என் பெட்டி, என் மாமா கொடுத்தது, நான் மனப்பாடம் செய்த டாங்கி. என் பெயர் எங்கும் இல்லை. ஒருவர் செய்ததை அவர் பெயரில் மட்டும்தான் வைக்க வேண்டும் என்பது போட்டியின் விதி என்றாள். விதி சரிதான். அதற்குப் பதிலாக ஒரு பொறுப்புக் கொடுத்தாள். "மாமா போட்டோவ நீ வெச்சுக்கோ. நடுவர் கேட்டா நீதான் எடுத்துக் காட்டோணும்" என்று என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. வாசலில் விதிகளை ஒட்டியிருந்தார்கள். மாடல் அளவிலும் அமைப்பிலும் அசலை ஒத்திருக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் மூன்று மணிக்குள் எழுத்துமூலம் தரலாம். மற்றவர்கள் மாடல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் இதைப் படித்துக்கொண்டிருந்தேன். அட்டையில் பெயர் போடாதவர்களுக்கும் ஒரு விதி இடம் வைத்திருக்கிறதே என்று தோன்றியது.

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினேன். டைகர் டாங்கியின் மேற்பரப்பு வழவழப்பானது. வரிகள் கற்பனை. சிவப்புக் கறை குங்குமம். எப்போதும் கால்சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாளை இணைப்பாக வைத்து, அமைப்பாளர்கள் மேஜையில் கொடுத்துவிட்டு வந்தேன். பெயரில்லாத மனுவின்மேல் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்று பிற்காலத்தில் நானே எத்தனையோ மனுக்களை ஓரமாக வைத்திருக்கிறேன். அந்த மேஜையில் இருந்தவருக்கு அந்த நடைமுறை தெரியவில்லை.

நான்கு மணிக்கு நடுவர் எங்கள் மேஜைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த பெரியவர். மாமா வெளியூரில் மிஷின் மாட்டப் போயிருந்தார். பெரியப்பா மட்டும் வெள்ளைச் சட்டையில் தூணோரமாக நின்றிருந்தார்.

"சக்கரமெல்லாம் சுத்துதே, அருமையா இருக்குதும்மா. இந்த வரி எதுக்கு?"

அக்கா காந்த குண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லாத்தான் சொல்ற. ஆனா இப்படிக் கிடையாதுன்னு எழுத்துல ஒரு ஆட்சேபம் வந்திருக்குது. கம்பெனிக்காரன் தாளையே வெச்சுக் குடுத்திருக்காங்க. உங்கிட்ட ஆதாரம் ஏதாச்சும் இருக்குதா?"

அவர் கையில் இருந்த விளக்கத்தாளை அக்கா பார்த்தாள். மடிப்பு மடிப்பாக நைந்து, மூலையில் என் பசைக்கை பதிந்த தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வழக்கமாக என்னை 'டேய்' என்பாள், இல்லாவிட்டால் 'தம்பி' என்பாள்.

"போட்டோவ எடு கண்ணு" என்றாள்.

சட்டைப்பை என் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. போட்டோவின் முனை குத்திக்கொண்டே இருந்தது.

"ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்" என்றேன்.

அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. நடுவர் கொஞ்சம் காத்திருந்தார். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் எழுதினார். பரிசு ஒரு காற்றாலை மாடலுக்குப் போயிற்று. அக்காவுக்குக் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். பெரியப்பா அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து, மடித்துப் பையில் வைத்தார்.

"செரி அம்மணி, போலாம்" என்றார். பஸ் ஏறுவதற்கு முன் எங்கள் இருவருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். பரிசு வந்திருந்தால் அதற்கும் அப்படியே கட்டுப்பட்டிருப்பார். நான் என் ரோஸ்மில்க்கை முழுதாகக் குடித்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஊர் திரும்பிய மாமா வந்ததும் கேட்ட கேள்வி, "போட்டோவக் காட்டுனயா?" என்பதுதான்.

"நாந்தானுங்க மாமா எடுத்துட்டுப் போக மறந்துபோட்டேன்" என்றாள் அக்கா. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டதே, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அடுத்த ஆவணியில் தாராபுரத்தில் கல்யாணம். டாங்கியை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப்போனாள்.

நான் பிற்பாடு டாங்கிப் படைப்பிரிவு ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே நூலகத்தில் ஜெர்மன் டாங்கிகளைப் பற்றிக் கனமான புத்தகம் ஒன்று இருந்தது. போரின் பின்பாதியில் வந்த டைகர்களுக்கு அந்தப் பூச்சு உண்டு. ஈரத்தில் சீப்பு மாதிரி ஒரு கருவியால் கீறுவார்கள். பெயர்ந்த இடங்களில் அடியிலிருந்த சிவப்பு தெரியும் என்றும் ஒரு படத்தின் கீழ் போட்டிருந்தது. புத்தகத்தை நூலகரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். அன்று சாப்பிடப் போகவில்லை.

இப்போதும் தாராபுரம் போகிறேன். ஆலையில் மோட்டார் நின்றால் ஆள் வருவதற்குள் அக்காவே பிரித்துவிடுகிறாள் என்று அத்தான் சிரித்துக்கொண்டே சொல்வார். ஷோகேஸில் டாங்கி இருக்கிறது. அக்கா காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவாள். பொருள், பார்வை எல்லாம் என் மனதில் தயாராக இருக்கும். அனுப்புநர் என்ற இடத்தில் பெயரைப் போட வாய் வராது. மழை பெய்ததா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுவேன்.

ஒரு இணைப்பு விட்டுப்போயிற்று. கண்காட்சி நடந்தது சனிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றி அழுக்குக்கூடையில் போட்டுவிட்டேன், பையில் போட்டோ இருப்பதை மறந்து. அது திங்கட்கிழமை காலையில்தான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டை துவைத்து, தேய்த்து, மடித்து என் அலமாரியில் இருந்தது. பைக்குள் போட்டோவும் இருந்தது. ஒரு சொட்டு ஈரம் படவில்லை, முனைகூட மடங்கவில்லை. யார் கண்ணிலும் படாமல் தப்பித்துவிட்டோம் என்று பள்ளிக்கூடம் விட்டதும் கோனியம்மன் கோயிலுக்குப் போய், வேண்டுதல் மாதிரி உண்டியலில் எட்டணா போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் துணியைத் துவைத்துத் தேய்ப்பது கோனியம்மன் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.