உள்ளே போகாத சீஃப்

கப்பலில் சீஃப் இன்ஜினியர் ஆவதற்கான வாய்மொழித் தேர்வுக்கு நான் பாதி படித்தது ஸ்கூட்டரில்தான். என் மனைவி நர்ஸ்; புதுச்சேரி உழவர்கரையிலிருந்து அவளை ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன். பின்னால் உட்கார்ந்து அவள் கேள்வி கேட்பாள். நான் ஓட்டிக்கொண்டே கத்திப் பதில் சொல்வேன்.

தேர்வுக்கு முந்தின நாள் சிக்னலில் கேட்டாள்: "இன்ஜின் ரூம்ல தீ. என்ன செய்வீங்க?"

"எல்லாரையும் வெளிய வரவெச்சு எண்ணுவேன். கதவ மூடிட்டு, தீயணைக்கிற கேஸைத் தொறந்துவுடுவேன்." பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எண்ணுனா ஒருத்தர் கொறையுறாரு."

அந்த கேஸில் மனிதன் பிழைக்க மாட்டான். "தொறக்க மாட்டேன். நானே உள்ள போய்த் தேடுவேன்," என்றேன் பெருமையாக.

"ஃபெயிலு. நீங்க உள்ள போயிட்டா வெளிய யாரு சீஃபு? எங்க கேஷுவாலிட்டில அடிபட்டவங்க கூட்டமா வந்தா பெரிய சிஸ்டர் ஊசியத் தொட மாட்டாங்க. நின்ன எடத்துலேர்ந்து ஆள அனுப்புவாங்க."

பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. எந்தப் பழுதென்றாலும் முதலில் கைவைப்பதையே திறமை என்று நினைத்திருந்தவன் நான்.

மறுநாள் சென்னையில் தேர்வு அதிகாரி அதே தீயை வைத்தார், அதேபோல் ஒருவரைக் குறைத்தார். எனக்கு மனம் துள்ளியது. மூச்சுக்கருவி மாட்டிய இருவரை உள்ளே அனுப்புவேன், நான் வாசலில் நிற்பேன் என்றேன்.

பாஸ். படியிறங்கும்போதே போன் போட்டேன். அவள் ரிசல்ட் கேட்கவில்லை.

"எங்க நின்னீங்க?"

"வெளியதான்."

"கப்பல்லயும் அங்கயே நில்லுங்க," என்றாள்.

குறைந்துவிடக் கூடாதென்று அவள் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்த ஆள் யாரென்று அப்போதுதான் உறைத்தது.