மீன் நாற்றம் என்று சொன்னார்கள்

நாவலூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் ஒரு மழைக்காலத்தில் துவைத்த துணியெல்லாம் நாற ஆரம்பித்தது. கொடியில் காயும்போது தெரியாது. உடுத்திக்கொண்டு சிறுசேரிக்கு அலுவலகப் பேருந்தில் போகும்போது லேசாக வேர்த்தால் போதும், ஈரச் சாக்கை மூடிவைத்தது போல வாடை கிளம்பும். பக்கத்து இருக்கைப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

சேலத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மாமியார் யோசிக்கவே இல்லை. "மீன் கவுச்சிதான், வேறென்ன" என்றார். நான் கடப்பாக்கத்தில் கடலுக்குப் போகிறவர் வீட்டில் பிறந்தவள். அரைமனதோடு எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதித்தவர் அவர். என் கணவரும் மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நாள் மீன் வாங்காமல் இருந்து பார்ப்போமே என்றார். பார்த்தோம். மாதக்கணக்கில் அந்த வீட்டுக்குள் ஒரு நெத்திலி நுழையவில்லை. நாற்றம் போகவும் இல்லை. பழைய கவுச்சி சுவரில் ஊறியிருக்கும் என்று மாமியார் காரணத்தை மாற்றிக்கொண்டார்.

அப்போதுதான் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். பையில் இறால் இருந்தது. மாமியார் பையை வாசலுக்கு வெளியிலேயே வைக்கச் சொன்னார். குளித்துவிட்டு உட்காரலாமே என்றும் சொன்னார். அம்மா போய்க் குளித்தாள். மாற்றுப்புடவை கொண்டுவராததால் என் புடவை ஒன்றைக் கொடுத்தேன். மின்விசிறிக்கு அடியில் அவள் உட்கார்ந்த சற்று நேரத்திலேயே அந்தப் புடவையிலிருந்து அதே வாடை வந்தது. மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

அம்மா சாப்பிடாமலே எழுந்துவிட்டாள். "வூட்ல வேல கீதும்மா" என்றாள்.

பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது உடம்பெல்லாம் கொதித்தது. குளித்துவிட்டு வந்த உடம்பு. துவைத்து மடித்த புடவை. இதில் மீன் எங்கிருந்து வந்தது?

நேராகப் போய் வாஷிங் மெஷினின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். அதே வாடை முகத்தில் அடித்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் இழுத்தேன். கறுப்பாகக் கொழகொழவென்று பாசி. அதற்குள் மக்கிப்போன கைக்குட்டை ஒன்று, என் கணவருடையது. கீழ் மூலையில் இருந்த வடிகட்டியைத் திருகியதும் சாக்கடைத் தண்ணீர் தரையில் ஓடியது. பல்லி உள்ளே போய்விடும் என்று துவைத்த கையோடு மெஷின் கதவை இறுக்கிச் சாத்தியது மாமியார்தான். நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று சோப்புத்தூளை அள்ளி அள்ளிக் கொட்டியதும் அவர்தான்.

இருவரையும் கூப்பிட்டேன். கைக்குட்டையைக் கணவர் முன்னால் நீட்டினேன்.

"மோந்து பாருங்க. இது எங்க ஊரு வாசனையா?"

அவர் அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். மாமியார் பூஜை அறைப் பக்கம் போய்விட்டார்.

பழைய துணியை வினிகரில் நனைத்து மடிப்பு முழுவதும் தேய்த்தேன். துணி போடாமல் மெஷினைக் கொதிக்கிற சூட்டில் ஓடவிட்டேன். மறுநாளும் அப்படியே செய்தேன். அன்றிலிருந்து கதவைத் திறந்தே போட்டேன். சில நாளில் வாடை சுத்தமாக நின்றது. "அதான் போயிடுச்சில்ல, விடு" என்றார் கணவர்.

விடுவதா? அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மிசினா அது? நான் இன்னா இன்னாவோ நெனச்சிகினு, தெனம் ரெண்டு தபா சோப்பு போட்டுக் குளிச்சிகினு இருந்தேன்."

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கணவரைக் கடப்பாக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவின் எதிரில் நின்று, தப்பு எங்க மேலதான் அத்தை என்று அவர் தன் வாயால் சொன்னார். அம்மா பதறிப்போய், அதனால் என்ன தம்பி என்று சாப்பிட உட்காரச் சொன்னாள்.

மாமியார் கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாராவாரம் மீன் குழம்பு வைத்தேன். அம்மா வந்தால் பையோடு நேராகச் சமையலறைக்குள் போவாள். ஆனாலும் வீட்டுக்குள் வந்ததும் முதலில் குளியலறைப் பக்கம் பார்க்கிற அந்தப் பழக்கம் மட்டும் அவளுக்குப் போகவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.