கருவாடு தின்றால் பேட்டரி இறங்காது

கோயில் தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். முதல் தடவை தெரியாமல் சொன்னீர்கள். அதை அவசரப் பேச்சு என்று விட்டுவிடலாம். இரண்டாவது தடவை தெரிந்தே சொன்னீர்கள். இப்போது கோயில் மலரில் அச்சடித்தே விட்டீர்கள். 'விரதம் தவறியவரின் கார் நின்றுபோன அற்புதம்' என்று அரைப்பக்கம். அந்தக் கார் என்னுடையது. அது நின்றதற்குக் காரணம் ஓர் ஒயர்.

படிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் சிம்பாங் பூலாய்ப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். நான் தோட்டத்து லாரி ஓட்டியவன். லாரியை விற்றார்கள், என் வேலையும் போனது. தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில் மட்டும் இருக்க விட்டார்கள். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி ஊரைவிட்டுப் போகும்போது தன் பழைய இங்கிலாந்துக் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதற்கு அப்போதே இருபது வயது இருக்கும். கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டும். எஞ்சின் மட்டும் நல்ல எஞ்சின்.

அந்தக் காரில்தான் தினமும் காலையில் நான்கு பெண்களை ஈப்போவில் இருந்த எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு ஏற்றிக்கொண்டு போவேன். வாடகை ஓட்ட லைசென்ஸ் கிடையாது. மறைக்க ஒன்றுமில்லை, அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் ஓட்டினோம். ஏழு மணி ஷிப்டு. தோட்டத்துக்குள் பஸ் வராது. பெரிய ரோடு வரை நடந்துபோய் பஸ் பிடித்தால் ஷிப்டு தொடங்கி அரைமணி ஆகியிருக்கும். அதனால் அவர்கள் வேலை என் காரை நம்பி இருந்தது.

அந்த நான்கு பேரில் ஒருத்திக்குக் கணவன் இல்லை. இரண்டு பிள்ளைகள். பெரிதாகக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் பார்த்து, தலைமுடி அளவுக் கம்பிகளை ஒட்டுகிற வேலை அவளுக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தாமதமாகப் போய் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். இன்னொரு தடவை தாமதமானால் வேலை இல்லை என்று எழுதி, அவளிடமே கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். இது எனக்குத் தெரியும். தலைவருக்கும் தெரியும். லயத்தில் அது தெரியாதவர் யாரும் இல்லை.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு என் காரைக் கேட்டார்கள். ஒலிபெருக்கி கட்டி, பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் அறிவிப்புச் சொல்ல வேண்டும். அப்புறம் ரதத்துக்கு முன்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கொடுத்தேன். ஒலிபெருக்கி கட்டியவர் தலைவரின் மச்சான். கூரையில் இரண்டு குழாய், பின்பெட்டியில் பாட்டு மெஷின். மூன்று நாள் ஓடியது. முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு காரைத் திருப்பிக் கொடுத்தார். கழுவியே கொடுத்தார்.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டுப் போட்டதில் பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்துத் தள்ளச் சொன்னேன். தள்ளினால் கிளம்பியது. அதற்கு மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.

தொழிற்சாலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான்கு பெண்களும் செம்மண் ரோட்டில் கார் தள்ளினார்கள்.

"அண்ணே, இது காடியா எருமையா? எருமைகூட ரெண்டு அடி போட்டா எந்திரிக்கும்லா."

"பேசாம தள்ளு தங்கச்சி."

"தள்ளிக்கிட்டேதான் பேசறோம். நீங்கதான் உள்ளார உக்காந்துகிட்டுப் பேசறீங்க."

நான் முதலில் செய்தது முட்டாள்தனம். தோட்டத்து லாரியில் பேட்டரி இறங்கினால் எப்போதும் டைனமோதான் காரணமாக இருக்கும். அதே பழக்கத்தில் டைனமோவைக் கழற்றி, உள்ளே இருந்த கரித்துண்டுகளை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதிலேயே போனது. திங்கட்கிழமை மறுபடியும் தள்ளினோம்.

அந்த வாரம் தலைவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"விரதம் ஒழுங்கா இருந்தியாப்பா?"

இல்லை என்றேன். பத்து நாள் விரதத்தில் ஐந்தாம் நாள் கருவாட்டுக் குழம்பு தின்றேன். கேட்டவரிடம் உள்ளதைச் சொன்னேன்.

"அதான் பாத்தேன். ஆத்தா பாட்டு ஓடின காடி. நீ விளையாடிட்ட."

நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, வண்டியை ஏற்றச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. பெண்கள் கேட்டுக்கொண்டதால் செய்தேன். பழத்தை நசுக்க வண்டி நகர வேண்டும், வண்டிதான் எழவில்லையே. கடைசியில் அந்த நாலு பேரும் தள்ளித்தான் காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். 'டக்.'

பேட்டரியைக் கழற்றி ஈப்போவில் ஒரு பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் சீனர், வயதானவர், எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். பழசு என்று வேறு பேட்டரி போட்டுக் கொடுத்தார். எஞ்சினை ஓடவிட்டு டைனமோவையும் பார்த்தார்.

"டைனமோ பாகுஸ் லா, நல்லா இருக்கு. இனிமேலும் செத்துச்சுன்னா, உன் காடி ராத்திரி கரண்டு திங்குது. அத மொதல்ல புடி."

நான் பிடிக்கவில்லை. புதுப் பேட்டரி இரண்டு நாள் நன்றாக எழுந்தது, நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு. அதை நான் அன்றைக்கே ஒத்துக்கொண்டேன். யாரும் வந்து என்னிடம் பிடுங்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மழை. பேட்டரி செத்துக் கிடந்தது. சேற்றில் தள்ளத் தள்ள டயர் வழுக்கியது. ஒருத்தி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் இறக்கும்போது ஏழே முக்கால். மூன்று பேருக்குத் திட்டு மட்டும் கிடைத்தது. கடிதம் வாங்கியிருந்தவளை உள்ளே விடவே இல்லை.

அவள் அழவில்லை. வாசலில் தடுத்த அதிகாரியிடம் சண்டை போட்டாள். அவர் ஒன்று சொன்னார். தப்பு அவள் மேல் இல்லை என்று ஊரில் பொறுப்பான ஆள் யாராவது எழுதி, சாப் என்கிற முத்திரை குத்திக் கொடுத்தால், அடுத்த புதன்கிழமை வரை பார்க்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் தலைவர் கோயிலில் எழுந்து பேசினார். விரதம் இல்லாதவன் காரில் ஆத்தா பாட்டைப் போட்டது நம் தப்பு, அதனால் கார் செத்தது, ஒரு பொண்ணுக்கு வேலையும் போச்சு என்றார். அந்தப் பெண் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பத்து நாளும் ஒழுங்காக விரதம் இருந்து பால்குடம் எடுத்தவள் அவள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், முந்தின நாள் கடையில் சார்ஜ் ஏற்றி வாங்கிய பேட்டரியை மாட்டி, காரை வெயிலில் நிறுத்தி எஞ்சின் மூடியைத் திறந்தேன். அவளும் வந்து நின்றாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"திருடனப் புடிக்கப் போறேன்."

செய்வது எளிது. எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் ஒரு பக்கத்து ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை வைக்க வேண்டும். தூங்குகிற கார் எதையும் தின்னக் கூடாது, பல்பு எரியக் கூடாது. எரிந்தால், எங்கேயோ கரண்டு போய்க்கொண்டிருக்கிறது. வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. மங்கலாக எரிந்திருந்தால் ஏதோ கசிவு என்று நினைத்திருப்பேன். இப்படி எரிந்தால் தின்கிறது பெரிய வாய்.

அந்தக் காருக்கு இரண்டே ஃபியூஸ். ஒன்றைப் பிடுங்கினேன், எரிந்தது. இரண்டாவதையும் பிடுங்கினேன், அப்போதும் எரிந்தது. டைனமோ ஒயரையும் கழற்றினேன். எரிந்துகொண்டே இருந்தது. அப்படியென்றால் ஃபியூசுக்கு வராமல், பேட்டரியிலிருந்து நேராக எடுத்த ஏதோ ஒன்று. ஸ்டார்ட்டர் சுவிட்சில் பேட்டரி ஒயர் வந்து சேரும் திருகாணியைப் பார்த்தேன். கிரீஸும் மண்ணுமாக ஒரு கொத்து ஒயர். எல்லாம் ஒரே கறுப்பு.

அவள் குனிந்து பார்த்தாள். கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"அண்ணே, மத்த ஒயரெல்லாம் துணி சுத்தினது. இது ஒண்ணு மட்டும் பிளாஸ்டிக். இது இந்தக் காடிக்குப் பொறந்தது இல்ல."

தலைமுடிக் கம்பியைப் பார்த்துப் பழகிய கண். அவள் காட்டிய ஒயரைக் கழற்றினேன். பல்பு அணைந்தது. மறுபடி வைத்தேன், எரிந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம். அவள் சிரித்தாள்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். கால் மிதிக்கும் ரப்பர் விரிப்புக்கு அடியில், பின் சீட்டுக்கு அடியில், பின்பெட்டிக்குள். அங்கே மேல்பலகைக்கு அடியில், கறுப்பு டேப்பால் ஒட்டி, ஒரு மில்க் டின். பாதியாக வெட்டின டின். அதற்குள் பிரேக் லைட்டுக்குப் போடுகிற பல்பு. இருட்டில் பாட்டு மெஷினின் திருகுகள் தெரியவேண்டும் என்று தலைவரின் மச்சான் கட்டியது. சுவிட்சே இல்லை. மெஷினை எடுத்தவர் இதை விட்டுவிட்டார். நான் பின்பெட்டியில் பழைய சாக்குகளைத் திணித்து வைத்திருந்தேன், அவை டின்னை மறைத்துவிட்டன. பகலும் இரவும் சாக்குக்குப் பின்னால் அது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. காலையில் நான் எட்டிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அதற்குள் பேட்டரியே செத்திருக்கும். ஒயரைத் திரும்ப மாட்டிக் கொஞ்ச நேரம் விட்டுத் தொட்டுப் பார்த்தேன். டின் சுட்டது.

ஒயரை வெட்டி எடுத்தேன். மறுநாள் காலையில் கார் ஒரே திருப்பில் எழுந்தது. அதற்குப் பிறகு நான் அந்தக் காரை ஓட்டிய வருடங்களில் யாரும் அதைத் தள்ளவில்லை.

ஒயரைக் கண்டுபிடித்த அன்றைக்குச் சாயங்காலமே நானும் அவளும் தலைவர் வீட்டுக்குப் போனோம். மச்சானும் இருந்தார். டின்னை ஒயரோடு மேசையில் வைத்தேன்.

"என்னப்பா இது?"

"காடியோட பின்பெட்டிக்குள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. திருவிழாவுக்குக் கட்டினது."

மச்சான் நல்ல மனிதர். "ஐயோ, இத எடுக்க மறந்துட்டேன்லா" என்று தலையில் கைவைத்தார்.

"நீ சும்மா இரு" என்று தலைவர் அவரை அடக்கினார்.

"தலைவரே, ரெண்டு வரி எழுதிக் குடுங்க. திருவிழா ஒயரால காடி நின்னுச்சு, இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு. கோயில் சாப் குத்திக் குடுத்தா புதன்கிழமை வேலைக்குச் சேத்துக்குவாங்க."

"கோயில் தப்புன்னு கோயில் சாப்பையே குத்தச் சொல்றியா? வெளியாளுங்க என்ன பேசுவாங்க?"

அவள் சொன்னாள்: "கோயில் தப்புன்னு எழுத வேணாம் தலைவரே. என் தப்பு இல்லன்னு மட்டும் எழுதுங்க."

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீ கருவாடு தின்னியா இல்லியா? அத மொதல்ல சொல்லு."

"தின்னேன். நல்லா இருந்துச்சு."

"அப்பறம் என்ன பேச்சு? போங்க."

புதன்கிழமை நானே அவளைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். ஒயரையும் டின்னையும் காட்டினேன். அந்த அதிகாரி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிதம் எங்கே என்றார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். நீ யார் என்றார். லைசென்ஸ் இல்லாமல் ஆள் ஏற்றுகிறவன் அதற்கு என்ன சொல்ல முடியும்? திரும்பி வந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை தலைவர் மறுபடி எழுந்து அதே கதையைச் சொன்னார். இந்தத் தடவை எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துக்கொண்டார். பரிகாரம் செய்ததால்தான் கார் எழுந்ததாம். நான் எழுந்து நின்று இல்லை என்று கத்தினேன். மணியை அடித்தார்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அவள் காம்பார் பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவினாள். பிறகு அங்கேயே சமைத்தாள். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டாள். அது அவள் கெட்டிக்காரத்தனம். அதைக் காட்டி, எல்லாம் நல்லதாகத்தான் முடிந்தது என்று யாரும் என்னிடம் பேச வரவேண்டாம். நல்ல சம்பளமும் நல்ல கையும் கண்ணும் இருந்த ஒருத்தியை, இரண்டு வரி எழுத மனமில்லாமல் அடுப்படிக்கு அனுப்பினார்கள்.

போன மாதம் அவள் ஈப்போ புந்தோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். கையில் கோயில் மலர். அரைப்பக்கத்தைக் காட்டினாள். 'அந்தக் காரில் சென்ற ஒரு பெண்ணும் அதன் பலனை அனுபவித்தார்' என்று அதில் கடைசி வரி.

"பேரன் படிச்சுட்டுக் கேக்கறான் அண்ணே, பாட்டி நீ என்ன தப்புப் பண்ணினன்னு."

தலைவரே, உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அந்தத் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். என்னைப் பற்றி எழுதியதை வைத்துக்கொள்ளுங்கள், நான் தின்றது தின்றதுதான். ஆனால் அவளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்கு வந்து காதோடு சொல்ல வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். வருகிற ஆண்டுக் கூட்டத்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொல்லுங்கள்: அவள் என்ன தப்புச் செய்தாள்? அந்த இரண்டு வரியை ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? அவளையும் அவள் பேரனையும் நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன்வரிசையில் இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.