பச்சை விளக்கு வேண்டாமென்றவர்கள்

ஒன்றை விட்டுப் போனவர்களிடம், ஏன் போனீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்பதுதான் எங்கள் தொழில். கணக்கெடுப்புக்கோ காப்புறுதிக்கோ வீடு வீடாகப் போனவர்களுக்கு அப்படிச் சிரித்துச் சிரித்துத் தாடை நோவது தெரியும். ஒருகாலம் எல்லோருடைய போனிலும் இருந்து, இப்போது மாமாமாரும் மாமிமாரும் மட்டும் மிஞ்சியிருக்கிற ஒரு சமூக வலைத்தளம், இளம் ஆட்களைத் திரும்ப இழுக்கத் தன் முகத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. அதன் பரீட்சார்த்தப் பதிப்பைத் திருகோணமலை இளையோரிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் ஒப்பந்த வேலை எனக்கும் கிண்ணியா நஸ்ரினுக்கும் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதால், வீட்டில் இதை அரசாங்க உத்தியோகம் போலவே சொல்லிக்கொண்டார்கள்.

வலைத்தளத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இதில் முக்கியமான சம்பவம் நடந்தபோது நான் அங்கே இல்லை. நஸ்ரின் சொல்லித்தான் தெரியும்.

அம்மா வந்த பிறகு

முதல் நாள் உவர்மலையில் ஒரு ரியூசன் வகுப்பு வாசலில் நின்றோம். உயர்தரம் படிக்கிற கஜன் என்ற பெடியன், சைக்கிளை விட்டு இறங்காமலே பதில் சொன்னான். கொழும்பு அலுவலகம் தந்த கேள்விகள் நீளமானவை: வடிவமைப்பு பிடிக்கவில்லையா, வேகம் போதவில்லையா, விளம்பரம் கூடிவிட்டதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். பிறகு ஏன் விட்டீர்கள் என்று நான் கொஞ்சம் கெஞ்சலாகவே கேட்டேன்.

“அம்மா அங்க வந்து என்ர படத்துக்கெல்லாம் இதயம் போட்டவ, மிஸ். அதுக்குப் பிறகு அங்க இருக்க ஏலுமோ?”

எல்லோரும் கேட்டது

ஒருவர் வலைத்தளத்துக்குள் இருந்தால் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பச்சைப் புள்ளி எரியும். அதை அறியாதவர்கள் இல்லை. புதிய பதிப்பில் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். எங்களிடம் வந்த பிள்ளைகள் புதிய நிறங்களைக் கவனிக்கவில்லை, குறுவீடியோக்களைக் கவனிக்கவில்லை. புள்ளி இல்லாததைத்தான் உடனே கண்டார்கள். கண்டதும் முகம் மலர்ந்தது. அதையே எழுதி அனுப்பினேன். கொழும்பு மேலாளர், ஒருநாளும் பாராட்டாதவர், பெருவிரல் படம் ஒன்று அனுப்பினார். ஒரு பிள்ளை சொன்னதை அப்படியே சேர்த்திருந்தேன்:

“நான் முழிச்சிருக்கிறன் எண்டு ஊருக்கெல்லாம் ஏன் சொல்லுது? அது என்ன, எங்கட வீட்டு நாயோ?”

ஒரு போன்

திருக்கடலூரில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் நிரோஷாவின் வீடு. வயது பத்தொன்பது. எங்களுக்கு வேண்டிய வயது. இது உங்களுடைய போன்தானே என்று கேட்டேன். ஓம் என்றாள். பழையதைக் கழற்றிப் புதிய பதிப்பை ஏற்றிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்து வீடுகளில் “என்ர போன்” என்றால், தன் கைக்கும் வருகிற போன் என்று அர்த்தம். அதை நான் கேட்டிருக்கவேண்டும், கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அபிப்பிராயம் கேட்கப் போனால் குசினியில் அடுப்பு மூட்டவில்லை. நிரோஷாவின் தாய் ரஞ்சினியக்கா கடற்கரையில் நின்றார். கையில் அதே போன். பக்கத்தில் ஒழுங்கைப் பெண்கள் நாலைந்து பேர். காற்று கூடியிருந்தது.

ரஞ்சினியக்காதான் எனக்கு விளங்கப்படுத்தினார். அவருடைய கணவர் யோகன் அண்ணன் படகில் திரும்பும்போது, கோணேசர் மலைக்கு அப்பால் சிக்னல் கிடைத்தவுடன் வலைத்தளத்தைத் திறப்பார். பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரியும். ஒழுங்கையில் மற்றப் படகுக்காரரும் அப்படித்தான். எரிந்தால் ஆள் வருகிறார். உலை வைக்கலாம். அந்தப் பெண்கள் அதைப் புள்ளி என்று சொல்வதில்லை, விளக்கு என்கிறார்கள்.

“கோல் எடுக்கலாமே, அக்கா?” என்றேன்.

“எடுத்தா வாய் சும்மா இருக்குமோ? என்ன மீன் பட்டது எண்டு கேட்டிடுவம். கரை ஏறாமல் அதைச் சொல்லவும் மாட்டினம், நாங்கள் கேக்கவும் கூடாது. இது ஒண்டும் கேக்காது, பிள்ளை. எரியும், அவ்வளவுதான்.”

எங்கோ ஒரு நாட்டில், கடலைக் கண்ணால் பாராத ஒருவர்கூட அந்தப் புள்ளியை வரைந்திருக்கலாம். அதைப் பார்த்து இந்த ஒழுங்கை அடுப்பு மூட்டுகிறது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதை நானும் பார்த்திருக்கிறேன். அது வெளிச்சம் என்று எனக்குப் பட்டதே இல்லை.

அன்று விளக்கு எரியவில்லை, ஏனென்றால் அதை எடுத்துவிட்ட பதிப்பை அந்தப் போனில் ஏற்றியவள் நான். மற்றப் பெண்கள் பழைய பதிப்பு இருந்த தங்கள் போனில் பார்த்து, “எரியுது, ரஞ்சினி, யோகனுக்கும் எரியுது” என்று சொன்னார்கள். அவர் நம்பவில்லை, அவர்கள் நீட்டிய போனையும் பார்க்கவில்லை. தேற்றுவதற்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தார். படகு மலையைச் சுற்றி வந்து, மணலில் ஏறி, ஆள் இறங்கும்வரை தன் கைப் போனையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். யோகன் அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

“நான் விளக்குப் போட்டனான்தானே. நீ எங்க பார்த்துக்கொண்டு நிண்டனீ?”

எங்களுடைய ஆட்கள்

பழைய பதிப்பை அங்கேயே திரும்ப ஏற்றிவிட்டேன். ஆனால் சில வாரங்களில் புதியது எல்லோருடைய போனுக்கும் தானாக வரும். அதைக் கழற்ற நான் ஒழுங்கை ஒழுங்கையாகப் போக ஏலாது. மேலாளரிடம் வீடியோவில் சொன்னேன். ஒப்பந்தம் நீடிக்குமா என்பதும் அதே ஆளின் கையில் இருந்ததால் சொல்லவேண்டியதை முதலே எழுதிவைத்து வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். அந்த அம்மாவின் வயதைக் கேட்டார். நாற்பத்திரண்டு என்றேன்.

“நம்மட ஆக்கள் பதினெட்டிலிருந்து இருபத்திநாலு. இருக்கிறவங்க எங்கயும் போகமாட்டாங்க. நீங்க போனவங்களப் பத்தி எழுதுங்க.”

நஸ்ரின் சொன்னது

கடைசிக் கூட்டம் வாடகைக்கு எடுத்த ஒரு ரியூசன் அறையில். வெளிநாட்டு வடிவமைப்பாளர்கள் திரையில் இருந்து கேட்பார்கள், நஸ்ரின் மொழிபெயர்க்க வேண்டும். எனக்குக் காய்ச்சல். போகமுடியவில்லை. நிரோஷாவைக் கட்டாயம் கூப்பிடுங்கள் என்று மட்டும் நஸ்ரினுக்குச் செய்தி அனுப்பினேன். அவளும் எங்களுக்கு வேண்டிய வயதுதானே.

பச்சைப் புள்ளியை எடுத்தது நல்லதா என்று திரையிலிருந்து கேட்டார்களாம். எல்லாக் கையும் உயர்ந்தது. நிரோஷாவின் கையும்தான். மற்றவர்கள் இறக்கினார்கள், அவள் இறக்கவில்லை. “எனக்கு வேணாம். அப்பாட விளக்கு அம்மாக்கு வேணும்” என்றாள். பிறகு அந்த ஒழுங்கையின் கதையை எழுந்து நின்று சொன்னாள். ரியூசன் வாசல் கஜனும் அங்கே இருந்தான். சைக்கிள் இல்லாததால் இறங்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவன் மெல்லக் கேட்டானாம், “எங்கட அப்பாவும் கடலுக்குப் போறவர்தான். அவருக்கும் எரியுமோ?” என்று. திரையிலிருந்த பெண், நிரோஷா கடைசியாகச் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நஸ்ரின் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தாராம்:

“ஆருக்கு எரியோணும், ஆருக்கு எரியக்கூடாது எண்டு எரியிற ஆள் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்கோ.”

பிறகு

புதிய பதிப்பு வந்தது. புள்ளி எல்லோருக்கும் அணைந்திருக்கிறது. விரும்பினால் ஆள் பார்த்து எரியவிடலாம். அமைப்புகளில் தேடிப் பார்த்து உறுதி செய்தேன். எங்கள் கூட்டத்தால்தான் இது வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. யோகன் அண்ணனுக்கு அதை எரியவிட்டுக் கொடுத்தது நிரோஷா. ஒழுங்கையில் மற்ற வீடுகளுக்கும் அவளே போய்ச் செய்தாள். நஸ்ரினுக்கு ஒப்பந்தம் நீடித்தது. எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

போன மாதம் நிரோஷா தனக்கென்று ஒரு போன் வாங்கினாள். எங்கள் முதல் கேள்விப் படிவத்தில் “இனி ஒருநாளும் சேரமாட்டேன்” என்று எழுதியவள் அதே வலைத்தளத்தில் கணக்குத் திறந்திருக்கிறாள் என்று நஸ்ரின் சொன்னதை நான் நம்பாமல், நேரில் போய் அவளிடமே கேட்டு, திரையையும் பார்த்தேன். பெற்றோர் வந்ததால் ஓடிப்போன இளையோரைத் திரும்பக் கொண்டுவர இவ்வளவு பாடுபட்ட திட்டத்தில், நான் கண்ணால் கண்டு உறுதி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான், அவள் அங்கே சேர்த்திருக்கிற ஒரே நண்பர் அவளுடைய அப்பா.